இரண்டு நாளில் 105 கேம்கள்

விளையாட்டு விதிகளை நான் இலக்கண நூற்பாக்களை வாசிப்பதுபோலத்தான் வாசிக்கிறேன். இரண்டும் நடப்பைச் சொல்லும் தொனியிலேயே கட்டளையையும் சொல்லிவிடுகின்றன. தலைவன் கடல் கடந்து செல்லும்போது பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். அந்த 'இல்லை' அன்றைய நடப்பைக் குறிக்கிறதா, இல்லை தடையா என்று வகுப்பில் மாணவியர் கேட்பதுண்டு. டென்னிஸ் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது அதே கேள்வி என் முன் வந்து நின்றது. 'பெண்கள் மூன்று செட் ஆடுவார்கள், ஆண்கள் ஐந்து செட் ஆடுவார்கள்' என்ற வாக்கியம் பெண்ணுடலைப் பற்றிய செய்தியா, பெண்ணுடலுக்குப் போட்ட வேலியா?

இதற்கு விடை தேட ஒரு வழி உண்டு. அந்த விதி எல்லா நாட்டிலும் ஒன்றாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். உடல் காரணம் என்றால் கடல் தாண்டினாலும் விதி மாறியிருக்கக் கூடாது.

டென்னிஸ் பார்த்திராத தோழியருக்காகச் சிறு விளக்கம். ஆறு கேம்களை முதலில் வெல்பவருக்கு ஒரு செட். ஆனால் இரண்டு கேம் வித்தியாசம் வேண்டும். 'டை-பிரேக்' என்னும் குறுக்குவழி வருவதற்கு முந்தைய காலத்தில் ஒரு செட் 7-5, 9-7, 10-8 என்று நீண்டுகொண்டே போகலாம். மூன்று செட் முறையில் இரண்டு செட் வென்றால் வெற்றி. ஐந்து செட் முறையில் மூன்று வெல்ல வேண்டும். இன்னொரு பழைய ஏற்பாடும் இருந்தது. சென்ற ஆண்டுச் சாம்பியன் எந்தச் சுற்றிலும் ஆடாமல் காத்திருப்பார். மற்றவர்கள் தங்களுக்குள் மோதி ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, அந்த ஒருவரோடு மட்டும் சாம்பியன் ஆடுவார். இதற்குச் 'சேலஞ்ச் ரவுண்ட்' என்று பெயர்.

பெண்களுக்கான ஒற்றையர் ஆட்டத்தைத் தேசியப் போட்டியில் முதலில் சேர்த்த நாடு அயர்லாந்து. 1879இல் டப்ளினில் நடந்த அந்தப் போட்டியில் பட்டம் வென்ற மே லாங்ரிஷுக்கு வயது 14. இங்கிலாந்தின் விம்பிள்டன் 1877இலேயே தொடங்கிவிட்டாலும் பெண்களுக்கு இடம் கொடுக்க 1884 வரை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு 13 பெண்கள் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தில் மாட் வாட்சன் தன் அக்கா லிலியனை 6-8, 6-3, 6-3 என்று வென்றார். மூன்று செட். அன்று போட்ட அந்தக் கணக்கு விம்பிள்டன் பெண்களுக்கு இன்றுவரை மாறவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஆண்களின் தேசியப் போட்டி 1881இல் நியூபோர்ட்டில் தொடங்கியது. பெண்களின் போட்டி 1887இல் ஃபிலடெல்ஃபியா கிரிக்கெட் கிளப்பில் தனியாகத் தொடங்கியது. முதல் பட்டம் எலன் ஹான்ஸெலுக்கு. இடமும் காலமும் வேறாக இருந்ததால் பெண்களின் போட்டி தன் போக்கில் வளர முடிந்தது. 1891 முதல் 1901 வரை அங்கே பெண்களின் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம் ஐந்து செட் முறையில் நடந்தது. இடுப்பை இறுக்கும் கார்செட், தரையைத் தொடும் பாவாடை, நீளக் கை ரவிக்கை. அந்த உடையோடுதான் ஐந்து செட்.

அந்த முறையில் முதல் இரண்டு பட்டங்களையும் வென்றவர் மேபல் காஹில். அயர்லாந்தில் பிறந்து, அங்கேயே ஆடப் பழகி, பிறகு அமெரிக்காவுக்குக் கடல் கடந்தவர். நாவல் எழுதியவரும்கூட. 1891இல் எலன் ரூஸ்வெல்ட்டை நான்கு செட்டில் வென்றார். மறு ஆண்டு 16 வயது எலிசபெத் மூர் அவரை எதிர்த்து நின்றார். 5-7, 6-3, 6-4, 4-6, 6-2: முழு ஐந்து செட், 49 கேம்கள். காஹில் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

இங்கேதான் நம் கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. ஐரிஷ் கடற்கரையில் மூன்று செட்டுக்கு உரியதாக இருந்த ஓர் உடல் அட்லாண்டிக்கைத் தாண்டியதும் ஐந்து செட்டுக்கு உரியதாகிவிட்டது. கப்பலில் இருந்த சில நாட்களில் மேபல் காஹிலின் நுரையீரல் வளர்ந்துவிடவில்லை. அவர் இறங்கிய ஊரின் விதிப்புத்தகம் வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

காஹில் ஒருவர் மட்டும் விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. 1894இல் ஹெலன் ஹெல்விக் ஐந்து செட் ஆடித்தான் பட்டம் வென்றார். 1898இல் ஜூலியட் அட்கின்சனும் மேரியன் ஜோன்ஸும் 51 கேம்கள் ஆடினார்கள். கடைசி செட்டை 7-5 என்று அட்கின்சன் எடுத்தார். பெண்கள் மயங்கி விழுந்து போட்டி நின்றுபோன கதை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆடினார்கள், முடித்தார்கள், அடுத்த ஆண்டும் வந்தார்கள்.

பிறகு 1901. முன்பு காஹிலிடம் தோற்ற சிறுமி எலிசபெத் மூருக்கு இப்போது வயது 25. சேலஞ்ச் ரவுண்டுக்குப் போவதற்கான ஆட்டத்தில் மேரியன் ஜோன்ஸிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்தார்: 4-6, 1-6. மூன்று செட் முறையாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஐந்து செட் முறை என்பதால் மூர் மீண்டு வந்தார்: 9-7, 9-7, 6-3. மொத்தம் 58 கேம்கள். மறுநாளே, முந்தைய ஆண்டுச் சாம்பியன் மர்ட்டில் மெக்அட்டீரோடு மோதல். 6-4, 3-6, 7-5, 2-6, 6-2. மீண்டும் ஐந்து செட், 47 கேம்கள். இரண்டு நாளில் 105 கேம்கள் ஆடி மூர் பட்டத்தை வாங்கினார்.

ஓர் ஆண் இதைச் செய்திருந்தால் அது வீரகாவியம் ஆகியிருக்கும். மூர் செய்ததோ, விதியை மாற்றுவதற்கான சான்றாக ஆயிற்று. 1902 முதல் பெண்களுக்கு மூன்று செட் போதும் என்று அமெரிக்க டென்னிஸ் சங்கம் முடிவெடுத்தது. ஆடிய பெண்களைக் கலந்துகொள்ளாமல் எடுத்த முடிவு அது. இப்படி நீண்ட ஆட்டம் பெண்களுக்கு ஆகாது என்ற கரிசனம் அதற்குப் பின்னால் இருந்தது. யாரைக் காப்பாற்ற அந்த முடிவு எடுக்கப்பட்டதோ, அந்த மூரே வெளிப்படையாக எதிர்த்தார். டென்னிஸ் திறமையோடு தாக்குப்பிடிக்கும் வலுவையும் சோதிக்கும் ஆட்டம் என்றார். உடலைத் தயார்படுத்திக்கொள்ள மனமில்லாத சிலருக்காக இத்தனை பெரிய மாற்றம் எதற்கு என்று கேட்டார். ஆடும் பெண்களின் விருப்பத்தை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முக்கியமான குற்றச்சாட்டு. சங்கம் மாறவில்லை.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. பெண் ஒன்றைச் செய்ய முடியாமல் போனால் அவளுடைய பலவீனம் நிரூபணமாகிறது. செய்து காட்டிவிட்டால் அவளுக்காக மற்றவர்கள் களைத்துப்போகிறார்கள். இரவுப் பணி, நெடும்பயணம், ஆய்வுக்களப் பணி என்று எத்தனையோ இடங்களில் 'உங்கள் நன்மைக்குத்தான்' என்ற வாக்கியத்தோடு கதவு சாத்தப்படுவதை இந்த நூலை வாசிக்கும் பலர் கண்டிருப்பீர்கள். 1902இல் மூர் இழந்தது இரண்டு செட்டை மட்டுமல்ல. தோல்வியின் விளிம்பிலிருந்து திரும்பி வருவதற்கான நேரத்தையும் இழந்தார். முதல் இரண்டு செட்டை விட்டுவிட்டு வென்ற ஒரு பெண்ணின் கதை அதன்பின் அங்கே சாத்தியமே இல்லை. அவரோ புதிய விதியிலும் 1903, 1905 ஆண்டுகளில் பட்டம் வென்று காட்டினார்.

செட் எண்ணிக்கையைப் போலவே, யார் காத்திருப்பது, யார் போராடி மேலே வருவது என்பதும் நாட்டுக்கு நாடு வெவ்வேறு காலத்தில் மாறியது. அமெரிக்கா ஆண்களுக்கான சேலஞ்ச் ரவுண்டை 1912இல் கைவிட்டது, பெண்களுக்கு 1919இல்தான். விம்பிள்டன் 1922 வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதனால் 1919இல் விம்பிள்டனில் ஒரு விசித்திரமான ஆட்டம் நடந்தது. ஏழு முறை பட்டம் வென்ற டொரோதியா லாம்பெர்ட் சேம்பர்ஸ், 1914இன் சாம்பியன். இடையில் உலகப்போர் வந்ததால் நான்கு ஆண்டு போட்டியே நடக்கவில்லை. அவருக்கு 40 வயது. இரண்டு பிள்ளைகளின் தாய். எதிரே பிரான்சிலிருந்து வந்த 20 வயது சுசான் லெங்லென், எல்லாச் சுற்றும் ஆடி மேலே வந்தவர். 10-8, 4-6, 9-7 என்று 44 கேம்கள். வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி தேவை என்ற நிலைக்குச் சேம்பர்ஸ் இரண்டு முறை வந்தும், கடைசியில் லெங்லென் வென்றார்.

சேலஞ்ச் ரவுண்ட் நியாயமான முறை அல்ல என்று சொல்வது எளிது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த அநியாயமான முறைதான் 40 வயதுத் தாய் ஒருத்தியைப் பழைய ஆட்டத்தின் முழு வலிமையோடு புதிய தலைமுறையின் முன் கொண்டுவந்து நிறுத்தியது என்பதையும் மறக்க முடியவில்லை. மூன்றே செட்டில் 44 கேம்கள் ஆடிய அந்த இருவரைப் பார்த்தபிறகும் பெண்களால் நீண்ட ஆட்டம் ஆட முடியுமா என்ற கேள்வி ஓயவில்லை.

லெங்லென் பிறந்த பிரான்சின் விதி இன்னொரு வகை. அங்கே தேசியப் போட்டி 1891இல் தொடங்கியது. பெண்களின் ஒற்றையர் ஆட்டம் 1897இல் சேர்ந்தது. ஆனால் 1925 வரை பிரெஞ்சு கிளப் உறுப்பினர்கள் மட்டுமே அதில் ஆட முடியும். விம்பிள்டனிலோ வெளிநாட்டுப் பெண்ணும் பெயர் கொடுக்கலாம். 1905இல் அமெரிக்காவிலிருந்து வந்த மே சட்டன் பட்டத்தையே எடுத்துச் சென்றார். ஒரே ஆட்டம், ஒரே வலை, ஒரே பந்து. ஆனால் ஒரு நாட்டில் கேட்கும் கேள்வி 'எந்த கிளப்?' என்பது.

அந்தக் கேள்வி எவ்வளவு கொடூரமாக மாறக்கூடும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. வெள்ளையர் சங்கத்தின் போட்டிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாததால் 1916இல் அவர்கள் அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன் என்ற தனிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1917இல் பால்டிமோரில் நடந்த அதன் முதல் தேசியப் போட்டியில் பெண்கள் பட்டத்தை வென்றவர் லூசி டிக்ஸ் ஸ்லோ. ஆசிரியர், பிற்காலத்தில் ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் மாணவியர் புலத்தலைவர். அந்தச் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை எட்டு முறை வென்ற ஓரா வாஷிங்டன் பிழைப்புக்கு வீட்டுவேலை செய்தவர். அதே காலத்தில் வெள்ளையர் போட்டிகளில் முடிசூடா ராணியாக இருந்த ஹெலன் வில்ஸும் அவரும் ஒருமுறைகூட எதிரெதிரே நிற்கவில்லை. 1950இல் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் டென்னிஸ் இதழில் காட்டமாக எழுதிய பிறகுதான் ஆல்தியா கிப்ஸனுக்கு அமெரிக்கத் தேசியப் போட்டியின் கதவு திறந்தது. ஏழு ஆண்டு கழித்து விம்பிள்டன் பட்டமும் கிப்ஸன் கையில் இருந்தது.

இத்தனை நாடுகளுக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் 'அமெச்சூர்'. பணத்துக்காக ஆடாதவர் என்று பொருள். கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் பரிசுப் பணம் இல்லாத ஆட்டத்துக்காகக் கப்பல் ஏறிப் போக வேண்டுமென்றால் வீட்டில் பணம் இருக்க வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் அனுப்பவும் வேண்டும். 1934இல் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண்ணான லீலா ராவ், பம்பாய் மருத்துவர் ஒருவரின் மகள். தாய் க்ஷமா ராவ், காந்தியின் போராட்டத்தைச் சமஸ்கிருதத்தில் காவியமாகப் பாடிய கவிஞர். தானும் டென்னிஸ் ஆடியவர். தாயும் ஆடிய வீடு என்பதால்தான் மகளுக்குக் கடல் திறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியொரு வீடு வாய்க்காத பெண்ணுக்கு 'அமெச்சூர்' என்ற சொல்லும் ஒரு பூட்டுதான். 1968இல் பெரிய போட்டிகள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் திறந்துவிடப்பட்டபோதுதான் அந்தப் பூட்டு உடைந்தது.

இன்று அமெச்சூர் ஆட்டம் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில் ஆடும் ஆட்டம். அதிலும் நாட்டுக்கு நாடு முறை வேறு. அமெரிக்காவில் ஒவ்வொருவருக்கும் 3.0, 3.5, 4.0 என்று திறன் எண் கொடுத்து, ஒரே எண் உள்ளவர்களை மோதவிடுகிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தாடும் லீக் போட்டியில் இருவரின் எண்ணையும் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். பிரான்சில் எல்லோரும் ஒரு நீண்ட தேசியத் தரவரிசைக்குள் வருகிறார்கள். கீழ்ப்படியில் இருப்பவர்கள் போட்டியைத் தொடங்குவார்கள். மேற்படியில் இருப்பவர்கள் பிந்திய சுற்றுகளில் வந்து சேர்வார்கள். காத்திருக்கும் சாம்பியனின் நிழல் அங்கே இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

ஆனால் இந்த இரண்டு முறைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆண்களும் மூன்று செட்தான் ஆடுகிறார்கள். பல இடங்களில் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை-பிரேக் ஒன்றை ஆடி முடித்துவிடுகிறார்கள். தொழில்முறை ஆண்களும்கூட நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளுக்கு வெளியே, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் மூன்று செட்டே ஆடுகிறார்கள். அதைப் பாதி ஆட்டம் என்று எவரும் சொல்வதில்லை. அதற்காக அவர்களுடைய பரிசுத்தொகையைக் குறைக்கச் சொல்வதும் இல்லை.

பெண்களுக்குச் சம பரிசு என்ற பேச்சு எழும்போது மட்டும் மூன்று செட் ஒரு குறையாக எடுத்து வைக்கப்படுகிறது. அமெரிக்க ஓப்பன் 1973இலேயே சமமாகக் கொடுக்கத் தொடங்கியது. விம்பிள்டனுக்கு 2007 வரை ஆயிற்று. நடுவில் இருந்த 34 ஆண்டுகளில் அந்த வாதம் எத்தனை முறை ஒலித்திருக்கும்! ஐந்து செட் ஆடத் தயாராக இருந்த பெண்களிடமிருந்து அதைப் பறித்துவிட்டு, பிறகு ஐந்து செட் ஆடவில்லையே என்று கூலியைக் குறைக்கும் தந்திரம் இது. 1984 முதல் 1998 வரை பெண்களின் ஆண்டிறுதிப் போட்டியில் இறுதி ஆட்டத்தை மட்டும் ஐந்து செட் முறையில் நடத்திப் பார்த்தார்கள். 1990இல் மோனிகா செலஸும் கேப்ரியலா சபாட்டினியும் முழு ஐந்து செட்டும் ஆடினார்கள். மூருக்கும் மெக்அட்டீருக்கும் பிறகு, 89 ஆண்டு கழித்து.

நான் பணியாற்றிய ஒரு கல்லூரியின் விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கு வாலிபால், ஆசிரியைகளுக்கு எலுமிச்சையும் கரண்டியும் என்று ஆண்டுதோறும் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் வரும். ஏன் என்று கேட்டால் 'எப்போதும் அப்படித்தான் மேடம்' என்பார்கள். அந்த 'எப்போதும்' எந்த ஆண்டு தொடங்கியது என்று கேட்பதை மாணவியரிடம் ஒரு பயிற்சியாகவே தருகிறேன். எந்த விதிக்கும் பிறந்த ஆண்டு உண்டு. அதை எழுதிய அறை உண்டு. அந்த அறையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதும் உண்டு.

பெண்கள் எல்லோரும் ஐந்து செட் ஆட வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. ஆண்களும் மூன்று செட்டுக்கு வந்தால் ஆட்டம் கெட்டுவிடாது. இன்று ஆடும் பெண்கள் பலருக்கு மூன்று செட்டே பிடித்திருக்கவும் கூடும். மூர் கேட்டதுதான் நான் கேட்பதும்: முடிவெடுக்கும் முன் ஆடுகிறவளைக் கேட்டீர்களா? 1902இல் அந்தக் கேள்வியைக் கேட்டவர், முந்தைய கோடையில் இரண்டு நாளில் 105 கேம்கள் ஆடி வென்றவர். அவரைவிடத் தகுதியான ஒருவரை அந்தச் சங்கம் எங்கே தேடியிருக்க முடியும்?